ஒன்பது மார்க்

ஃப்ரெடி உள்ளூர் கேபிள் டிவி நடத்திய அறை பின்னாளில் ரீசார்ஜ் கடையாகிவிட்டது. அங்கே கேமராவுக்கு எதிரே தொங்கிய நீலத் திரை என்ன ஆனதோ, ஜூடிக்குத் தெரியாது. அதில் ஒட்டியிருந்த வெள்ளிக் காகித நட்சத்திரங்கள் மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஞாயிறு சாயங்காலம் அவற்றின் முன்னால் நின்றுதான் ராயபுரத்துப் பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் பாடினார்கள். 2006 உள்ளாட்சித் தேர்தலின்போது வேட்பாளர்களும் அங்கேதான் நின்று பேசினார்கள்.

ஜூடி பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். மாமா ஃப்ரெடிக்காக அங்கே போன் எடுப்பாள். பாட்டுப் போட்டிக்குப் போனில் ஓட்டுப் போடும் நேயர் யார் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு, "நன்றி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவள் அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்றாள். மூன்று மழைக்காலம் சாக்கடை வீட்டுக்குள் வந்த கோபத்தில் வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள். எதிரில் டோரதி டீச்சர். அம்மாவுக்குப் பேச்சை எழுதிக் கொடுத்தவள் ஜூடி.

அன்று பாட்டு முடிந்து பேச்சு தொடங்கியது. நடுவராக இருந்த கோயில் பாடகர் குழு மாஸ்டர் இன்னாசி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டோரதி டீச்சர் பேசி முடித்ததும் இன்னாசி பழக்கதோஷத்தில் மைக்கை இழுத்தார்.

"உச்சரிப்பு சுத்தம். ஆனா ஃபீல் இல்ல டீச்சர். ஆறு."

அடுத்து சிலுவையம்மாள். இரண்டாவது வரியிலேயே ஜூடியின் பேச்சு மறந்துபோனது. கேமராவுக்குப் பின்னால் நின்ற ஃப்ரெடி, அழுதால் போன் குவியும் என்று கண்ணைத் துடைத்துக் காட்டினான்.

"இன்னாடா, கண்ல பூச்சி வுழுந்துச்சா?" என்று அம்மா நேரலையிலேயே கேட்டாள். பிறகு மீன் கூவும் குரலிலேயே தொடர்ந்தாள். "யம்மா, நம்ம தெரு எவ்ளோ கலீஜா கீது பாருங்க. வூட்டுக்குள்ள மீனு புடிக்கலாம், நான் காசிமேட்டுக்கே போவ வேணாம்!"

"சுருதி கொஞ்சம் ஏறிப்போச்சு," என்றார் இன்னாசி. "ஆனா ஃபீல் கீது. ஒம்போது!"

போன் ஓயவில்லை. வேட்பாளர்களின் பெயர்களையும் எழுதிக் கோடு போடச் சொன்னான் ஃப்ரெடி. அம்மாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள். பாட்டுப் போட்டியில் ஜெயித்தவருக்கு வைத்திருந்த மிக்ஸியைப் போல இன்னொன்று வாங்கி அக்காவுக்கும் கொடுத்துவிட்டான்.

வாக்குப்பதிவு அன்று மூன்று மணி. பக்கத்து வீட்டு அங்கம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, ஓட்டு போட்டாச்சா?"

"அன்னிக்கே போட்டுட்டனேடி. எட்டு தபா! நீதான நன்றின்ன?"

அடுத்த வீட்டிலும் அதே பதில். ஐந்து மணிக்கு வாக்குச்சாவடி மூடிவிடும். மூச்சிரைக்க ஃப்ரெடியிடம் ஓடினாள்.

"மாமா, டீவில சொல்லு!"

"நான் சொன்னா எவன் நம்புவான்? போன்ல கேட்டது உன் கொரலு. நீயே சொல்லு. ஆனா அக்கா பேர எடுக்காத, இன்னிக்கி சொன்னா கேஸாயிரும்."

நட்சத்திரங்களுக்கு முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"போன்ல போட்டது கணக்குல சேராது. நான் சும்மா கோடுதான் போட்டேன். அஞ்சு மணிக்குள்ள பூத்துக்குப் போங்க."

அவ்வளவுதான். ஓடி வெளியே வந்துவிட்டாள்.

தெரு எழுந்து போனது. அங்கம்மா இறால் கையோடு போனாள். டோரதி டீச்சருக்குப் போனில் ஓட்டுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களும் போனார்கள்.

பத்தொன்பது ஓட்டில் அம்மா தோற்றாள்.

முடிவு தெரிந்த மறுநாள் அம்மா அந்த மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஜூடி சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"நான் வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்மா."

"ஆமா. ஜெயிக்க வெச்சதுக்கு டீச்சரு உனக்கு ஒரு மிக்ஸி குடுக்கணும்." அம்மா சுவிட்சை அணைத்தாள். "அங்கம்மா வூட்ல ஒக்காந்து நீ பேசுனத பாத்தேன்டி. தெருவே வாயப் பொளந்துகினு பாத்துச்சு."

"மார்க் எவ்ளோ?"

அம்மா மூடியைத் திறந்து விழுதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நன்றி சொல்லாம ஓடியாந்துட்ட, அதுக்கு ஒண்ணு கொறச்சல். ஒம்போது."