முள் அசைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து ஒரு மீட்டர் முள்ளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முள் அசைந்தது என்று நான்கு பேர். அசையவே இல்லை, அது தியேட்டர் புரொஜெக்டர் செய்த வேலை என்று மூன்று பேர். ஒருவர் பிஸ்கட் டப்பாவைத் திறக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஆளான அண்ணி, ஜன்னல் ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

சுவர் முழுக்கச் சாலை விதிப் பலகைகள் தொங்கும் அறை அது. முந்தாதே, ஒலி எழுப்பாதே, பாதை குறுகுகிறது. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். விண்வெளிப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த அறையை ஒழித்து, தன்னைப் போன்ற கிறுக்குகளுக்குத் திறந்துவிடுவார். படத்தில் வரும் கப்பலின் வேகத்தை நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் ஒரு டீச்சர், தியேட்டர் கவுண்டரில் வேலை செய்வதால் டிக்கெட் என்றே பெயர் வாங்கிய ஒருவன், இப்படி ஆளுக்கொரு ரகம். ஜன்னல் ஓரத்து அண்ணியின் கொழுந்தன்தான் நம் ஆள். அவனுக்கு அங்கே பெயர் பல்செட். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், மெழுகும் அச்சு மாவும் வைத்துப் பொய்ப்பல் செய்வது அவன் தொழில். வாரத்தில் ஆறு நாள் பேசாத பற்களோடு குடித்தனம் நடத்துகிறவன் ஏழாம் நாள் வாயை மூடவே மாட்டான் என்று கேப்டன் அடிக்கடி கேலி செய்வார். அது பொய்யும் இல்லை.

முதல் பாகம் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நாற்பத்தோரு பேரை உறைபெட்டிகளில் தூங்க வைத்துக்கொண்டு ஒரு கப்பல் கிளம்பும். கப்பலை நடத்துகிற பெண்ணும் அவள் கணவனும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் படுத்துக் கண்ணை மூடுவதோடு படம் முடியும். இப்போது வந்த இரண்டாம் பாகத்தில் அவள் மட்டும் விழிக்கிறாள். கணவனின் பெட்டி பழுதாகியிருக்கிறது. அவன் எழுந்திருக்கப் போவதில்லை, ஆனால் முழுக்கப் போய்விடவும் இல்லை. அவனை இழுத்துப் பிடித்துவைக்க அந்தப் பெட்டி மற்றவர்களின் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது நிமிடம் அவள் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு கையை நீட்டி அணைத்துவிடுகிறாள். அணைப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவன் உயிர்த்துடிப்பைக் காட்டும் மீட்டர் முள் கொஞ்சம் மேலே ஏறுகிறதா இல்லையா என்பதுதான் அன்றைய பஞ்சாயத்து.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் தியேட்டரில் பாதிப் பேர் சோளப்பொரி வாங்கப் போய்விட்டார்கள் என்று டிக்கெட் சொன்னான். முள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கணக்கு மாறாது, ஒருவருக்காக நாற்பது பேரைப் பணயம் வைக்க முடியாது என்று டீச்சர் நோட்டைத் தட்டினாள். பல்செட் விடவில்லை. முள் அசைந்தது, என் கண்ணால் பார்த்தேன், அந்த ஒரு அசைவில்தான் மொத்தப் படமும் இருக்கிறது என்றான். உயிர் இருந்தது, அவள் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. அவனுக்கு அன்று பேச்சு நன்றாக வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் அச்சில் வார்த்தது போல விழ, கேப்டன்கூட பிஸ்கட்டை மெல்வதை நிறுத்திக் கேட்டார். அந்த ருசியில்தான் எல்லாம் கெட்டது.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள். கூட்டத்துக்கு வர ஆரம்பித்த இரண்டு வருடத்தில் அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“அவ பார்த்தா. முள் ஏறினதைப் பார்த்துட்டுதான் அணைச்சா. அந்த முள் அப்படித்தான், ஏறும், இறங்கும். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியும்.”

அங்கேயே அவன் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவன். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் காதுக்கு எதிராளியின் குரல் ஒரு வாதமாகத்தான் கேட்கும்.

“தெரியும்னா என்ன அண்ணி, காத்திருந்து காத்திருந்து அவளுக்குச் சலிச்சுப் போச்சு. நாப்பது பேருங்கிறதெல்லாம் சாக்கு. சலிப்புக்குக் கடமைன்னு பேர் வெச்சுட்டா. அவ்வளவுதான்.”

பலே என்றார் யாரோ. சற்று நேரம் கழித்து அண்ணி எழுந்து, குடித்து முடித்த டீக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று கேப்டனிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை செய்யும் திரைச்சீலைக் கடை மூடியிருக்கும். அது அவனுக்குத் தெரியும். படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவனுக்கு உறைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐந்து மணி நேரப் பஸ் தொலைவில் இருந்த ஊரில், கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவன் அண்ணனுக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. நாற்பத்து மூன்று நாள் இயந்திரம்தான் அண்ணனுக்காக மூச்சு விட்டது. முதல் வாரம் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கண்ணாடிக்குப் பின்னால் குழாய்களுக்கு நடுவில் கிடந்த முகம், தன்னை முதல் பாகத்துக்குக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போன ஆளுடையதாக இல்லை. அதற்குப் பிறகு அவன் போகவில்லை. கடைசி வாரத்தில் அண்ணி மூன்று முறை போன் செய்தாள். இயந்திரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று குடும்பத்தில் கலந்து பேசி முடிவு சொல்லச் சொல்கிறார்கள், வந்து கூட நில்லுங்கள் என்றாள். நாளைக்குக் கிளம்புகிறேன் என்றான். மறுநாள் இரவு, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, “நீங்க என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம் அண்ணி” என்றான். அந்த வாக்கியத்தைப் பற்றி அவனுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. பெரிய மனசோடு அவளுக்கு முழு உரிமையையும் கொடுத்துவிட்டதாக. எல்லாம் முடிந்த பிறகு போய், ஓடியாடி அத்தனை வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் அண்ணி இந்த ஊருக்குக் குடிவந்தாள்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணி அவன் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்று வரவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த தட்டை மனைவி திரும்ப அலமாரியில் வைத்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். தலைவலியாம் என்றான். வாய் கூசாமல் வந்தது பொய். அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு பெரியவரின் கீழ்த்தாடைக்கு எட்டுப் பல் அடுக்க வேண்டியிருந்தது. மெழுகில் ஒவ்வொன்றாக நிறுத்தினான். நான்காவது பல் சாய்ந்தது. நிமிர்த்தினால் ஐந்தாவது சாய்ந்தது. கைக்குப் பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வான் என்று பேர் எடுத்தவன். மத்தியானம் வரை இழுபறியாகி, கடைசியில் மெழுகை முழுக்க வழித்துப் போட்டான். இதற்கிடையில் போனில் குழுவினர் இன்னும் முள்ளை விடவில்லை. டீச்சர் இன்னொரு முறை படம் பார்த்துவிட்டு வந்து, அது முள் அசைவே இல்லை, அவள் கை மீட்டர் கண்ணாடியில் பிரதிபலித்தது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, நேற்றுப் பல்செட் சொன்னதுதான் இந்தப் படத்துக்கு வந்த விமர்சனத்திலேயே சிறந்தது என்று டிக்கெட் எழுதியிருந்தான். பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். குழுவில் அண்ணியும் இருந்தாள். படித்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலைக் காட்சிக்குப் போனான். எதற்காகப் போகிறோம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. முள் அசையாவிட்டால், தான் சொன்னது தப்பு என்று அண்ணியிடம் போய்ச் சொல்லலாம். படத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று ஒரு கணக்கு இருந்திருக்கலாம். தியேட்டரில் பத்துப் பேர்கூட இல்லை. அந்தப் பத்தொன்பது நிமிடமும் வந்தது. முதல் முறை பார்த்தபோது இந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருந்தது. இந்த முறை அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஒரு முறை கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஒரு முறை எழுந்து, எங்கே போவது என்று தெரியாதவள் போல நின்றுவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை நீட்டியபோது அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரை இருண்டது. முள்ளைப் பார்க்கவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது.

அங்கிருந்து நேராகத் திரைச்சீலைக் கடைக்கு நடந்தான். கடையில் அந்த நேரம் கூட்டம் இல்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும் முன்பக்கம் மாதிரித் துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி பின்னால், நீளமான வெட்டு மேஜைக்கு முன் நின்று அளவுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“சாப்பிட்டீங்களா தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை யோசிக்காமல் பேசிவிட்டேன், படத்தைப் பற்றித்தான் சொன்னேன், மனசில் வேறொன்றும் இல்லை என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். அவள் சீட்டை மடித்து மேஜை டிராயரில் வைத்தாள்.

“நீங்க சொன்னது தப்பில்லை” என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “நாப்பத்தோராவது நாள் காலையில ஆஸ்பத்திரி பாத்ரூம்ல பல் தேய்ச்சுட்டிருந்தேன். இது இன்னிக்கு முடிஞ்சுட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. தோணினதும் பயந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சொன்னதால போட்டேனா, அந்த நினைப்பு வந்ததால போட்டேனான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை. யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னுதான் ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தேன்.”

அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருந்தது, கேட்காமலே வாய்க்கு வந்தது.

“அண்ணி, லீவு கிடைக்கலைன்னு சொன்னது பொய். முதலாளி போய்ட்டு வான்னுதான் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ரெண்டு பஸ் போச்சு. ஏற முடியலை. அப்புறம் திரும்பிட்டேன்.”

“தெரியும்.”

அவன் நிமிர்ந்தான்.

“அன்னிக்கு மத்தியானம் உங்க லேபுக்குப் போன் பண்ணேன். காலையிலயே கிளம்பிட்டாரும்மான்னு உங்க முதலாளிதான் சொன்னார். சரி, வந்துட்டிருக்கீங்கன்னு ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்காந்தேன். பஸ்ஸு வர்ற நேரமெல்லாம் செக்யூரிட்டிகிட்ட கேட்டு வெச்சிருந்தேன். ராத்திரி நீங்க போன்ல லீவு இல்லைன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு.” அவள் மூக்குக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தாள். “இருந்தாலும் மறுநாள் முழுக்க அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போடாம கையிலயே வெச்சிருந்தேன். மனசு மாறி வந்தாலும் வருவீங்கன்னு.”

ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று பட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தன் வீட்டில் வந்து சாப்பிட்டு, தன் மனைவியோடு சிரித்துப் பேசி, தான் முன்வரிசையில் உட்கார்ந்து அளந்ததை எல்லாம் ஜன்னல் ஓரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், எல்லாம் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டுகிற ஜாதி இல்லை. மன்னித்துவிட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை.

முன்பக்கமிருந்து அந்த அம்மாள், சாம்பல் கலரே இருக்கட்டும், ஆறு மீட்டர் என்று குரல் கொடுத்தாள். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தடிமனான துணி உருளையை மேஜை மேல் தூக்கிப் போட்டு உருட்டினாள். துணி பொத்தென்று விரிந்தது. அளவு பார்த்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கடையில் உடன் வேலை செய்யும் பெண் சாப்பிடப் போயிருந்தாள் போலிருக்கிறது. அண்ணி ஒருமுறை சுற்றும் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் போய் ஓரத்தைப் பிடிங்க.”

அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், எதிர் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்தான். துணி நடுவில் தொய்ந்தது.

“தளர விடாதீங்க தம்பி. தளர்ந்தா கோணிக்கும்.”

அவன் இழுத்துப் பிடித்தான். அவள் தன் பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, கத்தரியைப் பாதி திறந்தபடி அப்படியே முன்னால் தள்ளினாள். துணி சரசரவென்று இரண்டாகப் பிரிந்துகொண்டே வந்தது. அவள் குனிந்து, கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் தள்ளினாள். கத்தரி மேஜையின் பாதியைத் தாண்டி, அவன் விரல்கள் இருந்த இடத்தை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது.