கல்லில் தேய்ந்த தோள்

செத்த மிருகங்களைப் பாடம் பண்ணும் வெர்லினின் பட்டறைக் கதவைத் திறந்ததுமே பிரிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டாள். உப்பும் அழுகலும் பழைய பீரும் கலந்த நாற்றம். புகையிலைச் சாற்றைக் காபி டப்பாவில் துப்பி, வாயைத் துடைத்த கையை அப்படியே நீட்டினான் அவன். அவள் அப்பா டுவேனிடம். அவளிடம் அல்ல.

“யாருப்பா சுட்டது? நீயா?”

“நான்தான்,” என்றாள் பிரிட்டா.

“அட, பாப்பாவா! மான் தானா வந்து உன் மடியில படுத்துக்கிச்சா?”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். விஸ்கான்சின் குளிரில், மூன்று வருஷமாக ஒவ்வொரு நவம்பர் வேட்டைக்காலத்திலும், விரல் விறைக்க மரத்தின்மேல் காத்துக் கிடந்து அவள் வீழ்த்திய முதல் கலைமான். அதன் தலையைத் தோளோடு பாடம் பண்ணி வீட்டில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் அப்பா அதை வண்டிக்குப் பின்னால் கட்டி, ஜல்லி ரோட்டில் தரதரவென்று இழுத்துவந்திருந்தார். தூக்கி ஏற்றலாம் என்று அவள் கத்தியதை யார் கேட்டார்கள்? இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லை.

அந்தத் தலையும் தோளும் இருந்த சாக்கை அவள் கீழே வைத்தாள்; வெர்லின் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “வச்சுட்டுப் போங்க. புதுசு மாதிரி வரும்.”

“தோள்ல மயிர் போயிருக்கு. எப்படி வரும்?”

“அதெல்லாம் வரும்மா.”

“செத்த மானுக்கு மயிர் முளைக்குமா?”

அவன் அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பெரிய ஃப்ரீசரைத் திறந்தான். பெயர்ச்சீட்டில்லாத தோல்கள், உறைந்த ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே கிடந்ததன் காது பச்சைபூத்திருந்தது.

“கொம்பு உன்னோடது. தோலு இதுல நல்லதா ஒண்ணு எடுத்துப் போட்டுடுவேன். இத்தன வருஷத்துல ஒருத்தன்கூட வந்து, இது என் மான் இல்லன்னு சொன்னதில்ல.”

“அப்பா, இந்த ஆளையா நம்பிக்கையானவர்னு சொன்னீங்க?”

“நம்ம வீட்டுல தொங்குற என் மான் தலை மட்டும் என்னவாம்? இவன் பண்ணிக் கொடுத்ததுதானே? அதுவும் எவன் மானோட தோலோ. எனக்கு அப்பவே தெரியும்,” என்று தோளைக் குலுக்கினார் அப்பா.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த மானின் கழுத்தைத் தடவித் தடவி வேட்டைக் கதை அளக்கிற மனிதர்! ஃப்ரீசரில் கிடந்ததைவிட அந்தத் தோள்குலுக்கல்தான் அவளுக்கு அதிகம் நாறியது. சாக்கைத் தூக்கிக்கொண்டாள்.

“இனி நான் வெர்லின் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்று அப்பா பின்னால் கத்தினார்.

“நல்லாக் கழுவிட்டு முழிங்க!”

பக்கத்து ஊரில் இதே தொழில் செய்யும் மார்லிஸ், சாக்கைப் பிரித்து மொட்டைத் தோளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“போனது போனதுதாம்மா. வேற தோல் போட மாட்டேன். வேணும்னா தலையைத் திருப்பி வைக்கிறேன். மொட்டைப் பக்கம் சுவரைப் பாத்துக்கும்.”

“வேணாம். அது வெளிய தெரியட்டும்.”

“பாக்குறவங்க என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே?”

“கேக்கட்டும். எங்கப்பா சாப்பிடுற மேசைக்கு நேர் எதிர்ல மாட்டப்போறேன். அவரே பதில் சொல்லட்டும்.”