சும்மா இருக்கச் சொன்ன குழு

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, அவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினாள் அவள். மனநல மருத்துவமனையின் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களை இரண்டாகப் பிரித்தாயிற்று. முதல் அறைக்காரர்கள் வேடமேற்று விளையாட வேண்டும்: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, பகடை உருட்டி, மலையரசன் கோட்டையில் ஒளித்து வைத்திருக்கும் மணியை மீட்டு வர வேண்டும். இரண்டாம் அறைக்காரர்கள் சும்மா இருக்க வேண்டும். தேநீர் உண்டு, பழைய பத்திரிகைகள் உண்டு, இஷ்டமிருந்தால் பேசலாம். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் இரண்டு அறைக்காரர்களும் பயத்தை அளக்கும் கேள்வித்தாளை எழுதித் தர வேண்டும். விளையாடியவர்களுக்கு மட்டும் பயம் குறைந்தால், அது விளையாட்டின் பலன்தான் என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ரொம்பப் படித்தவர்களுக்கு இப்படிச் சில இடங்களில் படிப்பே கண்ணை மறைத்துவிடும்.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கான இந்த ஆராய்ச்சி முடிந்தே ஆக வேண்டிய வருடம் அது. கணவனுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்து கிடந்தது. மனைவியின் படிப்பு முடியட்டும் என்று மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தான் மனுஷன். இந்தத் தடவை சத்தியமாக முடித்துவிடுவேன் என்று அவள் சொன்னதை நம்பி, வீட்டுச் சாமான்களில் பாதியை அட்டைப்பெட்டிகளில் கட்டியும் வைத்துவிட்டான். ஒரு கரண்டி வேண்டுமென்றாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருந்தது.

கடைசி அமர்வு நடந்துகொண்டிருந்த பிற்பகலில், தன் அறையில் உட்கார்ந்து அதுவரை சேர்ந்த விவரங்களைக் கணினியில் ஓடவிட்டாள். விளையாடியவர்களின் பயம் நன்றாகக் குறைந்திருந்தது, சந்தோஷம். சும்மா இருந்தவர்களின் பயமும் அதே அளவு குறைந்திருந்தது. இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே இறங்கியிருந்தன. விளையாடுவதும் ஒன்றுதான், வெறும் தேநீர் குடிப்பதும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தம். மறுநாள் காலை இதை ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் யாரையும் திட்டியதே கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்கே எதிரில் நிற்பவர்களுக்கு வியர்த்துவிடும்.

சும்மா இருந்து எப்படிக் குணமாகும்? அமர்வு நடக்கும்போது எந்த அறைக்குள்ளும் அவள் போகக்கூடாது என்பது அவளே போட்ட விதி. விதியாவது ஒன்றாவது என்று எழுந்து போய் இரண்டாம் அறைக் கதவைத் தள்ளினாள்.

தையற்காரம்மா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். முதல் நாள் பெயரைக் கேட்டதற்குக் காகிதத்தில் எழுதி நீட்டியவர். இப்போது ஜன்னல் திரையைத் தோளில் போர்த்திக்கொண்டு முழங்கிக்கொண்டிருந்தார்.

"மணி வேணும்னு வர்றவங்க முதல்ல என்கிட்ட பேசட்டும். ராஜாவுக்கு அண்ணி நான். என்னைத் தாண்டி ஒரு ஈ உள்ள போகாது."

லிஃப்ட் மெக்கானிக் தரையில் மண்டியிட்டு ஒரு சர்க்கரைக் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். அதன் ஆறு பக்கங்களிலும் தீக்குச்சியால் தேநீரைத் தொட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் விரித்தபடி சுவரோரம் நின்றார். அவளைக் கண்டதும் மூவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

மெக்கானிக்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முதல் நாளே அவர்களுக்குச் சலித்துப் போய்விட்டது. இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. கோட்டைக் காவலன் என்ன சொல்கிறான் என்று அந்தப் பக்கம் யாரோ கேட்க, பதில் சொல்ல வேண்டிய கதை நடத்துபவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டு அங்கே நெடுநேரம் அமைதி. பொறுக்கமாட்டாமல் காவலனின் பதிலை இவர் முணுமுணுத்தார். தையற்காரம்மா களுக்கென்று சிரித்தார். பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம்தான் வீரர்கள் இருக்கிறார்களே என்று இவர்கள் ராஜா வீட்டு ஆட்களாகிவிட்டார்கள். பேசாத பாத்திரமாகக் கொடுங்கள் என்று பேக்கரிக்காரர் கேட்டதால் அவரைக் கோட்டைக் கதவாக்கினார்கள். கொஞ்ச நாளில் கதவுக்கும் பேச்சு வந்துவிட்டது.

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். நெஞ்சு நிறையச் சிரிப்பு வந்தது. விளையாட்டு பலித்திருக்கிறது, அதுவும் சுவரைத் தாண்டிப் போய்ப் பலித்திருக்கிறது. சிரித்து முடிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. சும்மா இருந்த குழு என்று ஒன்று இல்லாவிட்டால் ஒப்பிட ஆளே இல்லை. ஆராய்ச்சி படுத்துவிட்டது. இந்த அறைகளை அவள் பிடித்தபோதே சத்தம் கேட்குமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். ஒருமுறைகூடத் தடுப்பில் காதை வைத்துப் பார்க்காமல், கேட்காது சார் என்று அவள் அழுத்தமாகச் சொல்லியிருந்தாள். மறுபடி முதலிலிருந்து என்றால் முழுசாக ஒரு வருடம். இதையெல்லாம் அவர்களிடம் மறைக்காமல் சொன்னாள்.

மூவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தையற்காரம்மா முன்னால் வந்தார்.

"மேடம், நாங்க பழையபடி பயந்தாங்கொள்ளியா நடிச்சு, அந்தக் கேள்வித்தாளை மறுபடி எழுதித் தந்துடட்டுமா?"

சொன்னதோடு நிற்காமல் நடித்தும் காட்டினார். தலை தொங்கியது, கை நடுங்கியது, வார்த்தை தொண்டையில் சிக்கியது. அவளுக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். அட்டைப்பெட்டிகளும் கணவன் முகமும் கண்முன் வந்தன. ஆனால் அந்தக் கை முதல் நாள் நிஜமாகவே அப்படி நடுங்கியதை அவள் பார்த்திருந்தாள். இன்று அதை விளையாட்டாக நடுங்கவைக்க முடிகிற ஒரு பெண்ணை, இன்னும் நடுங்குகிறவள் என்று எப்படி எழுதுவது?

"வேண்டாம்மா. நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன். ஆனா எனக்கு அவரைப் பார்த்தாலே பயம்."

இதைக் கேட்டதும் மூவருக்கும் அப்படி ஒரு உற்சாகம். பேராசிரியர் எப்படி உட்காருவார், எப்படிப் பார்ப்பார் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். மெக்கானிக் பேக்கரிக்காரரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பேராசிரியரானார். பேக்கரிக்காரர் பேராசிரியர் அறைக் கதவானார். உண்மை பேசினால்தான் கதவு திறக்கும் என்று அவரே ஒரு விதியும் போட்டார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, புள்ளிவிவரங்களில் எதிர்பாராத ஒரு போக்கு தென்படுவதாக ஆரம்பித்தாள்.

"சுத்தி வளைக்கிறீங்க மேடம்," என்றது கதவு. "திறக்காது."

தடுப்புச் சுவரின் தரத்தைக் குறை சொல்லிப் பார்த்தாள், திறக்கவில்லை. கட்டடத்தின் வயதைக் குறை சொல்லிப் பார்த்தாள், அதற்கும் திறக்கவில்லை. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்த துடைப்பில் அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. இத்தனை நாள் இவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவள் தன் நாக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள். கடைசியில், நான் சரியாகப் பார்க்கவில்லை சார், தப்பு என்னுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கதவு அகலத் திறந்தது. மெக்கானிக் எழுந்து நின்று கைதட்டினார், எந்தப் பேராசிரியரும் செய்யாத காரியம் அது.

மறுநாள் நிஜப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவளுக்குப் பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. சுற்றி வளைக்காமல், தடுப்பையும் ராஜாவின் அண்ணியையும் தன் தவறையும் சொல்லி முடித்தாள். அவர் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ முடிவுதான் என்னம்மா?"

"ஆராய்ச்சி கெட்டுப்போச்சு சார். ஆளுங்க நல்லாயிட்டாங்க."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்காக அவர் ஒன்றும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. நடந்ததை நடந்தபடி தனிக் கட்டுரையாக எழுத வேண்டும், ஆய்வைப் புது ஆட்களோடு, வேறு வேறு மாடிகளில், மறுபடி நடத்த வேண்டும் என்றார். ஒரு வருடம். எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனை மாதம் தூக்கம் கெட்டாளோ, அதற்குச் சரி சார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இனி கணவனிடம் சொல்ல வேண்டும். அதுதான் பேராசிரியரைவிடக் கஷ்டம். மருத்துவமனை வாசலில் நின்று அவனை ஃபோனில் கூப்பிட்டு, அண்ணியிலிருந்து கதவு வரை ஒன்று விடாமல் சொன்னாள், தன் தப்பால் ஒரு வருடம் போயிற்று என்பதையும் சொன்னாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மூணாவது தடவையா மேனேஜர்கிட்ட போய் நிக்கணும்," என்றான் அவன். "அந்த லிஃப்ட்காரர் சாயந்தரம் ஃப்ரீயா இருப்பாரா, கேளு. என் மேனேஜர் எப்படி முறைப்பார்னு நான் சொல்லித் தர்றேன். அந்தக் கதவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவள் வாசலிலேயே நின்று அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அறையிலிருந்த பட்டியலில் மெக்கானிக்கின் நம்பரைத் தேடிக் கேட்பதற்காக மாடிப்படி ஏறினாள்.