மூன்றாம் தரம் கேட்காத மகள்

1

இந்தக் கதை அகராதி வேலையில் பிறந்தது. ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருளும் அன்றாட உதாரணமும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 'கோயிங் ஒன்ஸ், கோயிங் ட்வைஸ், சோல்ட்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். பொருள் சுலபம்: ஏலத்தை முடிக்குமுன் விடும் கடைசி எச்சரிக்கை, நம்முடைய ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். உதாரணம்தான் வரவில்லை. 'கடைசித் துண்டு கேக், யாருக்கு வேணும்? ஒரு தரம், ரெண்டு தரம்...' என்று எழுதினேன். என் வீட்டில் கேக்குக்குப் போட்டி போட ஆளில்லை. அடித்துவிட்டேன்.

2

'ஏலக்காரரின் குரல் கூடத்தை அதிரவைக்க...' என்று கதையைத் தொடங்கினேன். (பொய். அவருக்குக் கீச்சுக்குரல்.)

கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஏலக்காரர். மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறார். சாயங்காலம் தேநீருக்கு மாடியேறி வருவார். நான் வாய்விட்டுப் பேசுவது அவரிடம் மட்டும்தான். அவரிடமே உதாரணம் கேட்டேன்.

"ரெண்டாவது தரம் சொன்னப்புறம்தான் தம்பி தொழிலே இருக்கு. வாயை மூடிக்கிட்டு நாலு மூலையும் பார்க்கணும். தயங்குறவன் அப்பதான் கையைத் தூக்குவான். மூணு சொல்ற வரைக்கும் எதுவும் முடியலை."

பிறகு மகள் பேச்சு வந்தது. போன மாதம் வந்தவள், "எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாளாம். இவர் பேசவில்லை. செருப்பு மாட்டும்போது இன்னொரு முறை கேட்டாளாம். இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் போய்விட்டாள்.

"மூணாவது தரம் கேட்டா சரின்னுடலாம்னு இருந்தேன் தம்பி. இன்னும் கேக்கலை. அப்போ முடியலைதானே?"

3

இந்த மகள் எனக்குக் கைகூடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டு தடவை கேட்டும் வாய் திறக்காத அப்பாவிடம் எந்தப் பெண் மறுபடி கேட்பாள்? பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி... (எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.)

ஏலக்கூடத்தில் மூன்று வரை எண்ணுவார்கள். வீட்டில் மனம் நொந்து இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். பாவம், அவர் ஆயுசு முழுக்கக் கூடத்திலேயே இருந்துவிட்டார்.

4

முடிவு ஒன்று: "முடியலைண்ணே. கேப்பா, பொறுங்க" என்கிறேன். நாளையும் தேநீருக்கு வருகிறார்.

முடிவு இரண்டு: "இப்பவே மகளுக்குப் போன் போட்டு, வர்றேன்னு சொல்லுங்கண்ணே" என்கிறேன். சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குப் பிறகு இந்த மாடிப்படியில் யாரும் ஏறி வரப்போவதில்லை.

இரண்டாவதுதான் நியாயம். எனக்குத் தெரியும். பயமாகவும் இருக்கிறது.

அவர் எதிரில்தான் இருக்கிறார். நான் அகராதி எழுதுவதாக நினைத்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என் வாயைப் பார்க்கிறார். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அவர் உங்களுக்கும் தெரிந்தவர்தான். நீங்கள் சொல்லிவிடுங்களேன். நான் உள்ளே போய் டம்ளர்களைக் கழுவுகிறேன்.