பொள்ளாச்சி பஸ்ஸை முந்திய நாற்காலி

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் சென்னிமலை, முந்தின வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொள்ளாச்சி பஸ்ஸை முந்திக்கொண்டு போனார். நாற்காலி தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் போனது. அதற்குச் சக்கரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. சாலையோரக் கள்ளுக்கடையில் இருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள் என்பதால் ஊர் அதை நம்பவில்லை. பஸ் கண்டக்டர் வந்து சொன்ன பிறகு நம்பியது. முந்தும்போது சென்னிமலை வலது கையை நீட்டி முறையாகச் சைகை காட்டினார் என்றும், அந்த ரோட்டில் அப்படிக் காட்டி முந்தியவரைத் தான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்றும் கண்டக்டர் சொன்னார்.

இதற்குக் காரணமான கார் ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதைச் செய்தவன் சென்னிமலையின் மருமகன் சுவக்கீன். அவன் இடுக்கி மலையில் சித்திரபுரத்துக்காரன். அம்மா கத்தரீனாள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். சித்தூரில் ஒரு லேபில் செயற்கைப் பல் செய்வது அவன் பிழைப்பு. சென்னிமலையின் மகள் யோகப்பிரியா கடைவாய்ப் பல்லுக்கு உறை போட அச்சு கொடுத்தபோது, ஆளைப் பார்க்கும் முன்பே அந்தப் பல் வரிசையைப் பார்த்து அவன் மனதைப் பறிகொடுத்துவிட்டான். உறை ஏனோ பொருந்தாமலே போய், அவள் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. கடைசியில் உறை பொருந்திய மாதத்திலேயே இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். சென்னிமலை கேட்டைப் பூட்டினார். அவர் மனைவி சின்னத்தாயி சாவியை எடுத்துப் போய்த் திறந்து, இருவரையும் தோப்புக்குள் இருந்த சாளை வீட்டில் குடிவைத்தாள். அன்றிலிருந்து சென்னிமலை மூன்று பேரோடும் பேச்சை நிறுத்தினார். ஆனால் சாப்பிட வேண்டுமே. ஆகவே சாம்பாரில் உப்பு குறைந்தால் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். சின்னத்தாயி மிக்ஸியைப் பார்த்துப் பதில் சொன்னாள். இப்படி நாலு வருஷம் அந்த வீட்டில் மின்சாதனங்கள் மூலமாகக் குடும்பம் நடந்தது.

சாளையில் சுவக்கீனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தக் கார். பிரான்ஸ் தேசத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் நிற்காமல் ஓடும் பந்தயத்துக்காக ஐம்பதுகளில் கட்டப்பட்ட நீலக் கார். நீண்ட மூக்கு, வட்டமான பின்பக்கம், கூரை கிடையாது. அசல் கார் பந்தயத்தை முடிக்கவில்லை, நடுராத்திரி தாண்டியதும் நின்றுபோனது. அதன் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு மாடல், துண்டு துண்டாக ரெசினில் வார்த்து, பஞ்சு வைத்த பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்தது. தினமும் பல்லுக்கு ரெசின் குழைக்கிறவனுக்கு வீட்டிலும் அதே ரெசினா என்று யோகப்பிரியா கேட்டாள். அங்கே எல்லாம் ஒரே நிறம், இங்கேதான் நீலம் என்றான். சோப்புத் தண்ணீரில் துண்டுகளைக் கழுவினான். வார்ப்பில் காற்றுக் குமிழி விட்ட ஊசித் துளைகளைப் பல் அடைக்கிற பசையால் அடைத்தான். வழியில் வெயில் பட்டு வளைந்திருந்த அடித்தட்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினான். ஈர உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வாரக்கணக்கில் வெள்ளைப் பொடியில் புரண்ட பூனை மாதிரி நடமாடினான். நீலம் மட்டும் கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஒரே மதியத்தில் காய்ந்தது. சித்திரபுரத்து மூடுபனியாக இருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றான்.

பெட்டியில் டிரைவர் பொம்மையின் உடம்பு இருந்தது, தலை இல்லை. வழியில் எங்கோ உதிர்ந்திருந்தது. தலையை அவனே செதுக்க உட்கார்ந்தான். ஒரு முகத்தை மிளகு அளவில் செதுக்க வேண்டுமானால் அது மனதில் நன்றாகப் பதிந்த முகமாக இருக்க வேண்டும். யோகப்பிரியாவின் முகத்தை முயன்றான்; பல் மட்டும் அருமையாக வந்தது. அவனுக்கு நன்றாகப் பதிந்திருந்த இன்னொரு முகம், நாலு வருஷமாகத் தினமும் காலையில் தோப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று அவனை முறைத்த முகம்தான். அது கை தானாகவே செதுக்கியது போல் வந்தது: மீசை, புருவ மடிப்பு, தலைப்பாகை எல்லாம். டிரைவரின் தலை இருபக்கமும் திரும்பினால் அழகாக இருக்கும் என்று தலையை ஒட்டாமல் பித்தளைக் கம்பியில் செருகினான். அப்போது மணி நாலு. பிரான்சில் பந்தயம் தொடங்குவதும் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த மணிக்குத்தான் என்பது அவன் நினைவிலேயே இல்லை. வெளியே தோப்பில், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னிமலை உறுமிக்கொண்டு கிளம்பினார்.

தோப்பு, நாட்டுக்கல், வண்ணாமடை, கோபாலபுரம் செக்போஸ்ட், மறுபடி தோப்பு என்று சுற்று அமைந்தது. சுற்றுக்கு ஒரு தடவை சாளையைக் கடக்கும்போது அவர் ஏதோ கத்தினார். வேகம் அப்படி என்பதால், ஒரு சுற்றுக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்தது. முதல் சுற்றில் "என்னைய" என்றார். அடுத்த சுற்றில் "எறக்கி" என்றார். கத்தியை எறக்கிப் போடுவேன் என்கிறாரோ என்று சுவக்கீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்றாவது சுற்றில் "உடுங்க" என்று கேட்டது. நாலாவது சுற்றுக்காகச் சுவக்கீன், யோகப்பிரியா, சத்தம் கேட்டு ஓடி வந்த சின்னத்தாயி மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். நாற்காலி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. "மாப்பள!" என்று கேட்டது. யோகப்பிரியா அழுதுவிட்டாள்.

காரின் சக்கரங்கள் மேசையில் அசையாமல்தான் இருந்தன, ஆனால் தொட்டால் சுட்டது. டிரைவர் தலையைச் சுவக்கீன் லேசாக இடப்பக்கம் திருப்பினான். ரோட்டில் சென்னிமலை இடப்பக்கம் சாய்ந்து வாய்க்காலை நோக்கிப் போனார். சின்னத்தாயி போட்ட சத்தத்தில் அவன் தலையைப் பழையபடி திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"தலைய உருவிருவமா?" என்றான்.

"எங்கப்பன் தலையவா?" என்றாள் யோகப்பிரியா.

மயிரிழை அளவு தூக்கிப் பார்த்தான். அடுத்த சுற்றில் சென்னிமலை நிதானமாக வந்தார். தலை இருந்தது, தலைப்பாகை மட்டும் காணவில்லை. இது தாங்கும் என்று முடிவாயிற்று. யோகப்பிரியா மஞ்சள் துண்டோடு சாளை வாசலில் நின்றாள். நாற்காலி நேராக வந்ததும் "இப்ப!" என்று துண்டை வீசினாள். சுவக்கீன் தலையை உருவினான். நாற்காலி களைத்த எருமை போல மண்ணில் உட்கார்ந்தது. சென்னிமலை இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ரோட்டைத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏனுங் மாப்பள, நிறுத்திப்போட்டீங்களா? மூணாவதா ஓடிட்டிருந்தனுங்க!"

மற்ற கார்கள் அவர் கண்ணுக்குத்தான் தெரிந்தன. மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும் விர்ரென்று கடந்து போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் "நாலாவது", "அஞ்சாவது" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இன்னொரு சுற்றுக்கு அவரிடம் தெம்பு இல்லை. அந்தப் பந்தயத்தில் ஒரு காருக்கு ஒரு ஆள் போதாது, மாறி மாறி ஓட்டுவார்கள் என்று சுவக்கீன் சொன்னான். பிறகு தன் முகத்தையே அவசரமாகச் செதுக்கி, பல் லேபின் நீல விளக்கைக் காட்டி நொடியில் இறுக்கி, கம்பியில் செருகிவிட்டு, மாமனாரை இறக்கி நாற்காலியில் உட்கார்ந்தான். தன் முகத்தை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, நாற்காலி அசையவில்லை.

"என்ற மூஞ்சியச் செய்யுங்க, மாப்பள" என்றாள் சின்னத்தாயி.

"அம்மா, உனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது!"

"உங்கொப்பன் எந்த வளைவுல முட்டுவாருன்னு எனக்குத் தெரியும். முப்பது வருசமா வண்டிக்குப் பின்னாடி உக்காந்து கண்ண மூடிட்டு வந்தவ."

சின்னத்தாயியின் முகம் சுவக்கீனுக்குச் சுலபமாக வந்தது. கேட்டைத் திறந்த அன்று பார்த்த முகம் அது. மூக்குத்திக்கு ஒரு பொட்டு தங்க நிறம் வைத்தான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சென்னிமலைக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. வழக்கப்படி சுற்றும் முற்றும் பார்த்தார். தோப்பில் ஃபிரிட்ஜ் இல்லை. தென்னை மரத்தைப் பார்த்தார். அது தூரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்தார்.

"கோபாலபுரம் வளைவுல எண்ணெ கொட்டிக் கெடக்குது, அம்மிணி. உள்பக்கமாப் போயிராத."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னத்தாயி பறந்தாள்.

செக்போஸ்ட்டில் நின்ற போலீஸ்காரர் நாற்காலிக்கு ஹெல்மெட் உண்டா இல்லையா என்று மேலே போன் போட்டுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கழிந்து சொல்வதாக மேலே இருந்தவர் சொன்னார். ரோட்டுக் கேமரா ஒவ்வொரு சுற்றுக்கும் மின்னியது. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு சின்னத்தாயி அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். இருட்டிய பிறகு ஊர் அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டது. அசல் கார் நின்றுபோன நேரம் கடந்தபோது சுவக்கீன் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆள் மாறும்போதெல்லாம் பேச்சு நீண்டது. முதலில் வளைவு, எண்ணெய், மாட்டு வண்டி என்று இருந்தது. விடிந்தபோது மோட்டார் பழுது, சொசைட்டிப் பால், அவள் தம்பி வீட்டு விசேஷம் என்று வளர்ந்தது. ஞாயிறு காலை மாற்றத்தில், நாற்காலியில் பாதி ஏறியபடியே சின்னத்தாயி கேட்டாள்:

"நாலு வருசம். அப்புடி என்னங்க கோவம்?"

"பையன் மேல இல்ல. அவன் கும்புடற சாமி மேலயும் இல்ல. என்னைய ஒரு வார்த்த கேக்காம நீ கேட்டத் தொறந்துட்ட."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சென்னிமலை நேர்மையாக யோசித்தார். "வேண்டாம்னுதான்."

"அதான் கேக்கல."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. இருந்தாலும் அதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் விர் விர்ரென்று சத்தங்கள் கடந்துகொண்டே இருந்தன. "அத்தை, மாமா, பெறகு பேசிக்கிடலாம்! ஏறுங்க, ஏறுங்க!" என்று சுவக்கீன் சாளைக்குள்ளிருந்து கத்தினான். அந்த ஒரு பேச்சில் அவர்கள் நாலாவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடத்துக்குப் போனார்கள்.

மதியம் சென்னிமலை ஓட்டிக்கொண்டிருந்தபோது நாற்காலியின் பின்கால் விரிசல் விட்டது. மேசையில் காரின் பின் அச்சுத் தண்டிலும் அதே இடத்தில் முடி போன்ற கோடு ஓடியிருந்தது. யோகப்பிரியா துண்டை வீசினாள், தலையை உருவினார்கள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இனி முடியாது என்று சென்னிமலை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் இறக்கிவிடச் சொன்ன மனிதர் இப்போது கண் கலங்கி, "முடிக்காமப் போயிருமாங்க, மாப்பள?" என்று கேட்டார். சுவக்கீன் மேசையில் குனிந்தான். ஊசி முனையில் ஒரு சொட்டு ரெசின் எடுத்து விரிசலில் விட்டான், அது வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டான். இரண்டாவது சொட்டு உள்ளே இறங்கியது. நீல விளக்கைக் காட்டினான். வெளியே நாற்காலிக் கால் மெல்ல நிமிர்ந்தது. ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பல் நிறத்தில் இருந்தது.

கடைசி ஓட்டம் யாருக்கு என்று சண்டை வரும் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சென்னிமலை தானே நாற்காலியைத் துண்டால் துடைத்து, "நீ போ, அம்மிணி. உனக்கு வளைவு நல்லா வருது" என்றார். அதற்குள் கொழிஞ்சாம்பாறையே ரோட்டோரம் கூடியிருந்தது. பொள்ளாச்சி பஸ்கள் ஓரம் கட்டி நின்றன. டிக்கெட் எடுத்தவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். நாலு மணிக்குச் சின்னத்தாயி நாற்காலியோடு சாளை வாசலைக் கடந்தபோது சத்தம் அடங்கியது. ஐந்தாவது இடம் என்று சென்னிமலை அறிவித்தார். நாட்டுக்கல் ஜவுளிக்கடை முன்னால் அவள் வேகத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால் நாலாவது என்றும் சொன்னார். ஒன்பதாவது இடத்துக்குப் போனபோது பதில் யோசித்துக்கொண்டு நின்றது யார் என்று அவள் கேட்டாள். நின்றிருந்த கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு சென்னிமலை சாளைக்குள் வந்தார். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மேசையில் இருந்த காரைக் குனிந்து பார்த்தார், தன் தலையைப் பார்த்தார், மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம் என்றார். பிறகு, மூன்று பேர் ஓட்டப் பந்தயச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டார். கொடுக்கும் என்றான் சுவக்கீன்.

"உங்கம்மா ஊர்ல ரோடு பூரா வளைவுதானுங்களே?"

"நேரா ஒரு ரோடு கெடையாது, மாமா."

"அப்ப வரச் சொல்லுங்க. நானே போன்ல பேசறன்."

கத்தரீனாள் அடுத்த ஜூனில், கறுப்புச் சால்வையும் ஒரு பை தேயிலைத் தூளுமாகப் பஸ் ஏறி வந்தாள். சம்பந்தி வீட்டில் அவள் முதன்முதலாகச் சாப்பிட்டது அன்றுதான். கை கழுவியதும் நாற்காலியில் ஏறிவிட்டாள். கோபாலபுரம் வளைவில் அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை என்று செக்போஸ்ட் போலீஸ்காரர் இன்றும் சொல்கிறார். அந்த வருஷம் அவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். முதலில் வந்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. வண்ணாமடைப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று சென்னிமலை சந்தைக்குப் போகும்போதெல்லாம் விசாரித்து வருகிறார்.