கேள்வி கேட்காத கம்ப்யூட்டர்

ஆபீசுக்குள் நுழைந்ததும் நவமணி முதலில் காற்றாடியைப் போடுவாள், அடுத்து கம்ப்யூட்டரைப் போடுவாள், அப்புறம் கீழே காப்பி வாங்கப் போவாள். அவள் திரும்புவதற்குள் அந்தப் பெட்டி ஒருவழியாக விழித்திருக்கும். 1989-இல் ஈப்போவில் கம்ப்யூட்டர் வைத்திருந்த தோட்ட ஆபீசுகள் குறைவு. ஊரில் புந்தோங் பகுதியிலேயே அதைத் தட்டத் தெரிந்த ஒரே பெண் தன் மகள்தான் என்று அவள் அம்மா மாரியம்மா பசாரில் மீன்காரன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். மீன்காரன் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனியின் ஒவ்வொரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்திலிருந்தும் வாராவாரம் ஒரு டிஸ்கெட் வேனில் வரும். ரப்பர்ப் பால் எவ்வளவு, ஆள் எத்தனை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்ன நோயில் எத்தனை பேர், எல்லாம் அதில் தாள் தாளாக இருக்கும். ஆபீஸ் பெட்டிக்குள் இருந்த பெரிய கணக்குத்தாள் அந்தத் தாள்களோடு கோத்துக் கட்டியது. அதைத் திறந்தால் போதும், "மற்ற தாள்களிலிருந்து புது எண்களை எடுக்கட்டுமா?" என்று பெட்டி கேட்கும். ஆமாம் என்றால் டிஸ்கெட்டுகளை மாற்றி மாற்றிச் சொருக வேண்டும்.

மேனேஜர் சதாசிவத்துக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து மேலே வந்தவர். கேள்வி கேட்பவர்களை அவருக்கு அங்கேயே ஆகாது.

"என்னம்மா இது, தொறந்தா கேள்வி, மூடுனா கேள்வி? டைரக்டருங்க முன்னால மானம் போவுது லா. பேசாம தொறக்க வை."

நவமணி ஒரு மேக்ரோ எழுதினாள். மாயமந்திரம் ஒன்றும் இல்லை. நாம் தட்ட வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் பெட்டி தானே தட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கேள்வி வந்தால் "வேண்டாம்" என்று பதில் போகும்படி வைத்தாள். சொருகும் வேலையும் மிச்சம். வாரக் கடைசியில் தானே புது எண்களை ஏற்றிவிடலாம் என்று நினைத்தாள். எந்த வாரக் கடைசி என்று மட்டும் நினைக்கவில்லை. டிஸ்கெட்டுகள் பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே போயின. சதாசிவம் மெச்சினார். அதையும் மாரியம்மா மீன்காரனிடம் சொன்னாள்.

ஒருநாள் கோலா கங்சார் பக்கத்து வெள்ளைக்கல் தோட்டத்திலிருந்து பாப்பா என்கிற பெண் வந்தாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். வந்த வேகத்தில் சதாசிவத்தின் மேசையில் ஒரு சோடாப் போத்தலை வைத்தாள். உள்ளே தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர்.

"லயத்து வீடுங்களோட தண்ணித்தொட்டி நாறுது சார். பிள்ளைங்க வாந்தியும் பேதியுமா கெடக்குது. வாராவாரம் எழுதி அனுப்புறோம்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. நீங்க என்னத்த பாக்குறீங்க?"

"கம்ப்யூட்டர்லயே பாத்துட்டேன். வெள்ளைக்கல்லுல ரெண்டே பேருக்குத்தான் பேதி."

"ரெண்டா? அலாமாக்! கொட்டகையில பாய் பத்தல. அந்தப் பொட்டிய அங்க அனுப்புங்க சார், வந்து பீத்துணி அலசட்டும்!"

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. திரையைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. இரண்டு. பல வாரம் முன்னால், தீபாவளிக்கு முன்பும் இதே இரண்டுதான். மேக்ரோவை விட்டுவிட்டுக் கையால் திறந்தாள். பெட்டி கேட்டது. "ஆமாம்" என்றாள். பிஸ்கட் டின்னைக் கிளறி வெள்ளைக்கல்லின் கடைசி டிஸ்கெட்டைச் சொருகினாள். இரண்டு முப்பத்தொன்றாக மாறியது.

பாப்பா போனதும் சதாசிவம் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு டைரக்டர் தேனப்பன் வர்றாரு. தொட்டிய கழுவியாச்சுன்னு அவருகிட்ட நான் போன மாசமே சொல்லிட்டேன். பழைய மேக்ரோவையே ஓட்டு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"பிள்ளைங்களையும் அப்புறம் வாந்தி எடுக்கச் சொல்லலாமா சார்?"

"இந்த நாற்காலிக்கு வேற பொண்ணு கெடைக்கும், தெரியும்ல?"

தெரியும். அப்பா இல்லாத வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பெரித்தது. ஆனாலும் நவமணி எழுந்துபோய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். எல்லா டிஸ்கெட்டுகளிலும் இருந்ததைப் பெட்டிக்குள்ளேயே ஏற்றினாள்; இனிச் சொருகாமலே புது எண்கள் வரும். மேக்ரோவில் "வேண்டாம்" இருந்த இடத்தில் "ஆமாம்" போட்டாள்.

மறுநாள் தேனப்பன் கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே திரை முன் உட்கார்ந்தார். கணக்குத்தாள் ஒரு கேள்வியும் கேட்காமல் சமர்த்தாகத் திறந்தது. சதாசிவம் பல் தெரியச் சிரித்தார்.

"வெள்ளைக்கல்லுல முப்பத்தொன்னா?" கறிபாப் தட்டுக்குத் திரும்பியது. "போன மாசம் ரெண்டுன்னீங்களே?"

"கம்ப்யூட்டர் கோளாறு சார்."

"கோளாறு இல்ல சார்." நவமணி, பாப்பா விட்டுப்போன சோடாப் போத்தலைத் தேனப்பன் முன்னால் வைத்தாள். "வெள்ளைக்கல் தண்ணி. தொட்டி கழுவியாச்சுன்னு மேனேஜர் சொல்றாரு. அப்ப அவரே ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும்."

சதாசிவம் போத்தலைத் தொடவில்லை. தேனப்பனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அங்கேயே போனை எடுத்தார். அன்று மாலையே வெள்ளைக்கல்லுக்கு நல்ல தண்ணீர் லாரி போனது. மறுநாள் தொட்டியை இடிக்க ஆள் போனது.

தேனப்பன் காரில் ஏறியதும் சதாசிவம் பாய்ந்தார். "ஒன் வாய அடைக்க ஒரு மேக்ரோ இல்லியா?"

"எழுதத் தெரியும் சார், எழுத மாட்டேன். கேள்வி தொந்தரவா இருக்குன்னு நானும்தான் 'வேண்டாம்'னு சொல்ல வச்சேன். அந்த ஒரு 'வேண்டாம்'ல முப்பத்தொரு பிள்ளைங்க படுத்துச்சு. கேக்குற வாய அடைச்சா நோவு அடங்காது சார், நமக்குத் தெரியாமத்தான் போவும். இனிமே பொட்டியும் கேக்கும், பாப்பாக்காவும் கேப்பாங்க, நானும் கேப்பேன். பதில் சொல்லப் பழகிக்குங்க."

சதாசிவம் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். நவமணி உட்கார்ந்து மேக்ரோவையே அழித்தாள். கணக்குத்தாளை மூடித் திறந்தாள். பெட்டி கேட்டது.