முதல் முகம்

"யாருட்டி அது, முன்வாசல்ல?"

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மாரியாத்தாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். விடிந்தும் விடியாத நேரம். மாமியார் கருத்தம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"நாந்தான் அத்தை."

"காலங்காத்தால நேர் எதிர்ல வந்து நிக்கியே. கொல்லை வாசல் என்ன, தூர்ந்தா போச்சு?"

"உங்களுக்குத்தான் நான் தெரியலியே அத்தை."

கருத்தம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். கண்ணுல படாத வரைக்கும் தோசமில்ல. காப்பியைக் கொண்டா" என்றாள்.

மாரியாத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

புருஷன் முத்துவீரன் ராஜபாளையம் ரோட்டில் சைக்கிளோடு லாரியில் அடிபட்டுச் செத்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் கழிந்த மறுநாளே மாமியார் சட்டம் போட்டுவிட்டாள். காலையில் கருத்தம்மாள் வேறு யார் முகத்திலாவது விழிக்கும்வரை மாரியாத்தாள் கொல்லைப்புறத்தில்தான் இருக்க வேண்டும். யாராவது வெளியூர் கிளம்பினால் எதிரே வரக் கூடாது, முன்னால் நடக்கவும் கூடாது. சுந்தரபாண்டியத்தில் அந்தத் தெருவே இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியது. அவள் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தைப் பார்ப்பார்கள், குழாயைப் பார்ப்பார்கள், அவளை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை வந்தது. விதவைகளுக்கு முன்னுரிமை என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எந்தக் காரணத்துக்காகத் தெரு அவளைத் தள்ளி வைத்ததோ, அதே காரணத்துக்காக சர்க்கார் அவளைக் கூப்பிட்டுக் கையில் கரண்டியைக் கொடுத்தது. அவள் கையால் எண்பது பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாமார்களே தெருவில் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள்.

இப்படி நாலு வருடம் போனது. பிறகு கருத்தம்மாளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. முதலில் புகை மூட்டம், பிறகு பால் மூட்டம், கடைசியில் வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது.

மாமியாருக்குப் பார்வை போன அன்றுதான் மாரியாத்தாளுக்கு முன்வாசல் திறந்தது. அவள் எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுத்தாள், தலை சீவிவிட்டாள். கருத்தம்மாளும் அவள் பக்கம் திரும்பி, மழை வருமா, பருத்தி என்ன விலை, எதிர்வீட்டுக்காரி ஏன் இந்தக் கத்து கத்துகிறாள் என்று பேசினாள். ஆறு வருடத்தில் மாரியாத்தாளை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசிய முகம் அது ஒன்றுதான். அதில் பார்வை மட்டும் இல்லை.

இந்த நிலைமையில்தான், எண்பத்தேழாம் வருடம் மே மாதத்தில், அந்த வேன் ஊருக்குள் வந்தது. "ராஜபாளையத்தில் அரசு இலவசக் கண் சிகிச்சை முகாம்! சாப்பாடு இலவசம்! மருந்து இலவசம்! கண்ணாடி இலவசம்!" என்று ஒலிபெருக்கி தெருத்தெருவாக முழங்கியது. வஞ்சுளவல்லி என்ற நர்சம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. டார்ச் அடித்துக் கருத்தம்மாளின் கண்ணைப் பார்த்தாள்.

"புரை நன்னா முத்தியிருக்கு. இப்போ ஒரு கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணிண்டா போறும், பார்வை வந்துடும். துணைக்கு ஒருத்தர் அஞ்சு நாள் கூடவே இருக்கணும். யார் பேரை எழுதட்டும்?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள் மாரியாத்தாள்.

அவள் மனசில் ஓடியது அவளுக்கே பிடிக்கவில்லை. பார்வை வந்தால் மறுபடியும் கொல்லைப்புறம். மறுபடியும் ஊமை வீடு. பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டால் வேன் போய்விடும்.

அன்று மத்தியானம் கருத்தம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே போய், மாட்டியிருந்த மகன் படத்தின் கண்ணாடியை விரலால் துடைத்தாள்.

"ஏட்டி, இதுல அவன் சிரிச்சுக்கிட்டா இருக்கான்? எனக்கு மறந்து போச்சு."

மாரியாத்தாள் படத்தைப் பார்த்தாள். "லேசாச் சிரிக்காவ அத்தை" என்றாள். மறுநாள் வேன் வருமுன்பே தெருமுனையில் போய் நின்று, துணையாள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னாள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு, வகுப்பறைகளில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பு அறையின் கரும்பலகைக்குக் கீழே கருத்தம்மாள் கண்ணில் கட்டோடு மல்லாந்து கிடந்தாள். தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது. மாரியாத்தாள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். ஒதுங்க அழைத்துப் போனாள். கண்ணில் மருந்து விடுவது எப்படி என்று நர்சம்மாவிடம் கற்றுக்கொண்டாள். கருத்தம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை.

"எங்கயும் போயிராதட்டி."

"போகல அத்தை."

நாலாம் நாள் கருத்தம்மாள் அந்தக் கையைத் திருப்பித் தடவினாள். "ஏன் இப்பிடிக் காஞ்சு காப்புக் காய்ச்சிக் கெடக்கு?"

"எம்புட்டுச் சட்டி தேய்க்கேன்."

"தேங்காண்ணெ தடவக் கூடாதா? வீட்டுக்குப் போயி நானே தடவி விடுதேன்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாரியாத்தாள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்க்கும் நாள். காலையிலேயே பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கண் திறந்ததும் யார் முகத்தில் விழிப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் ஏற்பாட்டோடு வந்திருந்தது. ஒருவர் ஆண்டாள் படம் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் பொட்டு வைத்த கைக்குழந்தையைத் தூக்கி வந்திருந்தார்.

"முகாமுக்கு முகாம் இதே கூத்துதான்" என்று வஞ்சுளவல்லி சலித்துக்கொண்டாள்.

வராந்தா பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்த தேவதானத்துச் சமுத்திரம் என்ற பெரியவர் குரல் கொடுத்தார். "சிஸ்டர், எம் பொண்டாட்டி முகத்தைத் தவிர வேற எதைக் காட்டுனாலும் சரிதான்."

"நான் இங்கதான் நிக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வராந்தா முழுக்கச் சிரித்தது. மாரியாத்தாளும் சிரித்தாள்.

அப்போதுதான் நாத்தனார் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். சமுத்திரத்தின் ஊரிலேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. தலை நிறைய மல்லிகை, முகம் நிறைய மஞ்சள், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். ஐந்து நாளில் இப்போதுதான் வருகிறாள்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. கட்டு அவுக்கையில நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க. புதுக்கண்ணு பாருங்க, நல்லதைப் பாத்துத் தொறக்கணும்."

மாரியாத்தாள் மாமியாரைப் பார்த்தாள். 'இவ இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. ஐந்து நாளாக அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

அவள் எழுந்து போய் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

உள்ளே கத்தரிக்கோல் சத்தம். பஞ்சை நனைத்துத் துடைக்கும் நேரம். அப்புறம் ஒரு கூச்சல். "தெரியுது! வெளிச்சமாத் தெரியுது! பேச்சி! நீதானட்டி? மங்கலா… பூ வச்சிருக்கியா?" தாயும் மகளும் அழுதார்கள். மாரியாத்தாளும் அழுதாள். அது எதற்கான அழுகை என்று அவளுக்கே பிடிபடவில்லை.

டாக்டரின் குரல் கேட்டது. "கருத்தம்மாளுக்குத் துணையாள் யாரு?"

"நாந்தான் மக" என்றாள் பேச்சியம்மாள்.

"கார்டுல மாரியாத்தாள்னு இருக்கு சார்" என்றாள் வஞ்சுளவல்லி. "மருந்து விடக் கத்துண்டதும் அவங்கதான்." வாசலுக்கு வந்து, "மாரியாத்தாள், உள்ள வாங்கோ!" என்று கூப்பிட்டாள்.

அவள் உள்ளே போனாள். டாக்டர் கருத்தம்மாளின் மூக்கில் சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடியை மாட்டி, இரண்டு விரல் காட்டினார்.

"ரெண்டு" என்றாள் கருத்தம்மாள்.

"நல்லது. இப்ப ஆறடி தள்ளி நிக்கிறது யாருன்னு சொல்லுங்க பாப்போம்." மாரியாத்தாளைத் தோளைப் பிடித்து நேர் எதிரே நிறுத்தினார்.

கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த அந்தக் கண் ஒரே ஒரு கணம் மாரியாத்தாளின் முகத்தில் நின்றது. அடுத்த கணம் இமை மூடிக்கொண்டது.

"தெரியல."

"கண்ணைத் திறந்து பாருங்கம்மா."

"ஒண்ணும் தெரியல."

டாக்டர் பதறிப்போனார். டார்ச்சை எடுத்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். "இப்பத்தானே விரலை எண்ணுனாங்க… சிஸ்டர், கார்டைக் குடுங்க. மறுபடியும் கட்டுப் போட்டு ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்."

"வேண்டாம் டாக்டரய்யா" என்றாள் மாரியாத்தாள். அவள் குரல் அந்த அறையில் முதல் தடவையாக உரக்கக் கேட்டது. "கெட்டுப்போச்சுன்னு எழுதிராதிய. நீங்க செஞ்ச வேலை நல்லாத்தான் இருக்கு. அவியளுக்கு என்னைத் தெரியுது. பாக்கத்தான் மாட்டாவ."

"ஏன்?"

பேச்சியம்மாள் சேலை முந்தியைத் திருகினாள். வஞ்சுளவல்லி தாழ்ந்த குரலில், "வீட்டுக்காரர் தவறிப் போனவா சார்" என்றாள்.

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கார்டில் 'வலது கண்: பார்வை திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடியும் மருந்துச் சீசாவும் கொடுத்து அனுப்பினார்கள். பள்ளிக்கூட கேட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் சேலையை உதறிக்கொண்டாள்.

"எம்மா, வீட்டுல மாடு கன்னு போட்டுருக்கு. தேவதானம் பஸ் போயிட்டா பொறவு சாயந்திரந்தான். மதினி, பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

மல்லிகை வாசம் போன பிறகு வேப்பமரத்தடியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். கருத்தம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழக்கப்படி கையை நீட்டினாள்.

"கையைக் குடுட்டி, போவோம்."

நீட்டிய கையை மாரியாத்தாள் பார்த்தாள். அது நேற்று அவள் உள்ளங்கையைத் தடவிய கைதான். பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. கார்டையும் மருந்தையும் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கை வேண்டாம் அத்தை. சர்க்கார் கண்ணு குடுத்துருக்கு, தொறந்துக்கிட்டு நடங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வழி உங்களுக்குத் தெரியாது. நான் முன்னால போறேன். என்னையே பாத்துக்கிட்டு வாங்க."

"ஏட்டி! நீயா முன்னால…?"

மாரியாத்தாள் நடக்கத் தொடங்கினாள். தெருவில் நல்ல வெயில். மங்கிப்போன வெள்ளைச் சேலை முதுகில் ஒட்டியிருந்தது. எதிரே வந்த ஒருத்தி அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினாள். இவள் நடுரோட்டை விடவில்லை. பத்தடி போனாள், இருபதடி போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் தயக்கம், அப்புறம் வேகம். மாரியாத்தாள் காதைக் கொடுத்துக் கேட்டாள். இரண்டு வருடமாக அவளுக்குப் பழகிப்போன அந்தத் தடவி நடக்கிற காலடி அல்ல அது. பார்த்து நடக்கிற காலடி.